பத்திரமாக இருக்கும் பணமும் கைக்கு எட்டும் பணமும்

(எலெக்ட்ரானிக் சிட்டியில் தமிழ் பேசும் தோழர்களுக்காக நடைபெற்ற ஞாயிறு படிப்பு வட்டத்தில், கட்சியின் மொழிபெயர்ப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



சென்ற முறை நாம் கூடியபோது ஒரு தோழர் எழுப்பிய கேள்வியே இன்றைய உரைக்குக் காரணம். அவர் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். இங்குள்ள நிறுவனம் ஒன்றுக்காக ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டுகிறார். வண்டி அவருடையது; அதன் கடனும் அவருடையதே. வண்டியின் பாஸ்டேக்கை வழங்கியிருந்த நிறுவனம் அந்தச் சேவையை நிறுத்திக்கொண்டது. அப்போது அதில் 1,400 ரூபாய் மீதமிருந்தது. "உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது, கட்டாயம் திரும்பி வரும்" என்று தொலைபேசியில் பதில் சொன்னார்கள். அது பொய்யில்லை. பணம் திரும்பி வந்தது; ஆனால் ஐந்து வாரங்கள் கழித்து வந்தது. இடையில் புதிய டேக் வாங்குவதற்கும் அதில் பணம் நிரப்புவதற்கும் அவர் வட்டிக்குக் கடன் வாங்கினார்.

அவர் நம்மிடம் கேட்டது இதுதான்: "பத்திரமாக இருந்தது என் பணம்தானே தோழர்? என் பணம் பத்திரமாக இருந்த காலத்துக்கு நான் எதற்காக வட்டி கட்டினேன்?"

பொருளாதார நூல்கள் பலவற்றை மொழிபெயர்த்திருக்கும் எனக்கு அன்று உடனே பதில் சொல்ல இயலவில்லை. இன்று முயல்கிறேன்.

அட்டை இல்லாமல் நுழைய முடியாத ஊர்

நாம் கூடியிருக்கும் இந்த இடத்தை முதலில் எண்ணிப் பாருங்கள். எலெக்ட்ரானிக் சிட்டி தனியார் முதலாளிகள் உருவாக்கிய ஊர் அன்று. 1978இல் கர்நாடக அரசின் பொதுத்துறை நிறுவனமான கியோனிக்ஸ், கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தில் இதனைத் தொடங்கியது. 2010 ஜனவரியில் ஓசூர் சாலைக்கு மேலே சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலச் சாலை திறக்கப்பட்டது. அதற்குச் சுங்கக் கட்டணம் உண்டு. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் வந்தது.

இன்று இங்கே வேலைக்கு வரும் ஒருவர் எத்தனை முறை முன்பணம் கட்ட வேண்டியிருக்கிறது? வண்டியில் வந்தால் பாஸ்டேக். மெட்ரோவில் நாள்தோறும் வருபவருக்குப் பயண அட்டை. வளாகத்துக்குள் சென்றால் பல இடங்களில் கேண்டீன் அட்டை. கைபேசியில் ஒரு வாலட். இவை ஒவ்வொன்றிலும் ஐம்பதோ ஐந்நூறோ நம் பணம் கிடக்கிறது. சேவையைப் பெறுவதற்கு முன்பே நாம் செலுத்திவிட்ட பணம் அது. பொருளாதார மொழியில் சொன்னால், வட்டியில்லாமல் நாம் கொடுத்த கடன். இவ்வகை அட்டைகளிலும் வாலட்டுகளிலும் உள்ள தொகைக்கு வட்டி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம், இதில் கட்டாயம் எங்கே என்று சிலர் கேட்பார்கள். 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு ஒரே இரவில் பயனற்றதாயிற்று. அடுத்த நாட்களில் பிரதமரின் படத்துடன் பேடிஎம் நிறுவனத்தின் விளம்பரம் நாளேடுகளின் முதல் பக்கத்தில் வெளிவந்தது. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயமாயிற்று. இல்லாதவர் இரு மடங்கு கட்டணம் செலுத்த வேண்டும் என்றார்கள். இதைத் தோழரின் விருப்பம் என்று யாரும் சொல்ல முடியாது. அரசே ஆணையிட்டு அவரைத் தனியார் கணக்கேட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது.

'இருப்பு' என்னும் சொல்

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிப் பேச அனுமதியுங்கள். 'வாலட்' என்பதைப் 'பணப்பை' என்று தமிழில் எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். அது தவறான மொழிபெயர்ப்பு என்று இப்போது எண்ணுகிறேன். பணப்பை என் மடியில் இருப்பது. அதைத் திறக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கைபேசி வாலட்டிலோ பிரீபெய்ட் கார்டிலோ பணம் இல்லை. "இவருக்கு இவ்வளவு தரவேண்டியிருக்கிறது" என்று ஒரு நிறுவனத்தின் கணக்கில் உள்ள பதிவு மட்டுமே இருக்கிறது. 'இருப்பு' என்று திரையில் காட்டப்படுவது உண்மையில் அந்த நிறுவனம் நமக்குப் பட்டிருக்கும் கடன்.

அந்தப் பணம் எங்கே இருக்கிறது? சட்டம் இதற்கு விடை வைத்திருக்கிறது. வங்கியல்லாத நிறுவனம் ஒன்று வாலட் நடத்தினால், வாடிக்கையாளர்களிடம் பெற்ற பணத்தை வணிக வங்கி ஒன்றில் 'எஸ்க்ரோ' எனப்படும் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தில் 2015இல் 23ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி நிறுவனம் திவாலானாலும் அந்தக் கணக்கிலுள்ள பணத்தின் மீது முதல் உரிமை வாடிக்கையாளருக்கே. மற்றக் கடன்காரர்கள் அதற்குப் பின்னால்தான். இது நல்ல பாதுகாப்பு. அதை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால் தோழரின் கேள்வி வேறு. பணம் யாருடையது என்பதற்குச் சட்டம் விடை சொல்கிறது. சேவை நிறுத்தப்பட்டால் அந்தப் பணம் எத்தனை நாளில் கைக்கு வரும், தாமதமானால் யார் இழப்பீடு தருவது என்பதற்கு அதே தெளிவுடன் விடை சொல்வதில்லை. பத்திரமாக இருப்பது ஒன்று. கைக்கு எட்டுவது வேறொன்று. இரண்டுக்கும் இடையில் இருப்பது காலம். சேமிப்பு உள்ளவருக்கு அந்தக் காலம் வெறும் தொந்தரவு. அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு அது கந்துவட்டி.

2024இல் நடந்தது

இதைப் பெரிய அளவில் நாடு கண்டது 2024இல். பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி விதிகளைத் தொடர்ந்து மீறியதைக் காரணம் காட்டி ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தது. 2022 மார்ச்சிலேயே புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கத் தடை விதிக்கப்பட்டிருந்தது. 2024 ஜனவரி 31 அன்று வந்த உத்தரவு, பிப்ரவரி 29க்குப் பிறகு கணக்குகளிலும் வாலட்டுகளிலும் பாஸ்டேக்குகளிலும் பயண அட்டைகளிலும் புதிதாகப் பணம் சேர்க்கக்கூடாது என்றது. பின்னர் அந்தக் கெடு மார்ச் 15 வரை நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே உள்ள பணத்தைத் தடையின்றி எடுக்கலாம், பயன்படுத்தலாம் என்றும் உத்தரவு தெளிவாகக் கூறியது.

விதி மீறும் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது சரியே. முதலாளிகளின் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த வேண்டாம் என்று நாம் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த ஒழுங்கின் சுமை எங்கே இறங்கியது என்று பாருங்கள். ஒரு பாஸ்டேக்கில் உள்ள மீதியை மற்றொரு வங்கியின் பாஸ்டேக்குக்கு மாற்றும் வசதி இல்லை. பழையதை மூடிவிட்டு, பணத்தைத் திருப்பித் தருமாறு அந்த வங்கியிடமே விண்ணப்பிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கேள்வி-பதில் குறிப்பே சொன்னது. மார்ச் 15க்கு முன் வேறு வங்கியின் டேக்கை வாங்கிக்கொள்ளுங்கள் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அறிவுறுத்தியது. ஆக, தவறு செய்தது நிறுவனம். நடவடிக்கை எடுத்தது ஒழுங்குமுறை அமைப்பு. புதிதாக முன்பணம் கட்டியதும், மூடுவதற்கு விண்ணப்பித்துக் காத்திருந்ததும் ஓட்டுநர்.

தொழில்நுட்பம் தடையாக இருந்ததா? கைபேசி எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு எண் மாறாமலே மாற்றிக்கொள்கிறோம். சில நூறு ரூபாயை ஒரு கணக்கேட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது அதைவிடக் கடினமானதன்று. தொடக்கத்திலேயே அதைக் கடமையாக்கவில்லை, அவ்வளவுதான்.

சிறு தொகையும் சிறு மனிதரும்

விதிகளுக்குள்ளேயே வர்க்கம் ஒளிந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 27 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, அடையாளச் சான்றுகளை முழுமையாகச் சமர்ப்பித்தவரின் வாலட்டில் 2 லட்சம் ரூபாய் வரை வைக்கலாம். அதை வங்கிக் கணக்குக்கு மாற்றலாம். குறைந்தபட்ச விவரம் மட்டும் கொடுத்தவர் 10,000 ரூபாய் வரை வைக்கலாம்; ஆனால் அதைப் பணமாக எடுக்கவோ மற்றொருவருக்கு அனுப்பவோ முடியாது. வாலட்டை மூடும்போது மீதித்தொகை வந்த வழியே திரும்பிச் செல்லும். அல்லது அடையாளச் சரிபார்ப்பை முடித்த பிறகு வங்கிக் கணக்குக்குச் செல்லும். ஆதாரில் உள்ள முகவரி தர்மபுரியிலும், வாடகை அறை ஹெப்பகோடியிலும், பழைய சிம் கார்டு தொலைந்தும் போன ஒரு தொழிலாளிக்கு அந்தச் சரிபார்ப்பு எவ்வளவு எளிதாக இருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேட்கப்படாத பணத்தின் கதையையும் கேளுங்கள். வங்கியில் பத்தாண்டுகள் எவரும் கோராத டெபாசிட் ரிசர்வ் வங்கியிடம் உள்ள ஒரு பொது நிதிக்குச் செல்கிறது. வங்கியல்லாத நிறுவனத்தின் அட்டை காலாவதியானால், மீதியை மூன்றாண்டுகளுக்குத் தன் லாபக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதுதான் விதி. பின்னர் எப்போது கேட்டாலும் தர வேண்டும் என்றும் விதி உண்டு. ஆனால் முப்பது ரூபாய்க்காக யார் கேட்கப் போகிறார்கள்?

இந்த விதிகளுக்கும் வெளியே இருப்பது கேண்டீன் அட்டை. வழங்கியவரிடம் மட்டுமே செல்லுபடியாகும் அட்டைகள் ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைக்குள் வருவதில்லை. வளாகத்தில் உணவு ஒப்பந்ததாரர் மாறினால் பழைய அட்டையில் உள்ள பணத்துக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். பொறியாளருக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுப் பணம். தூய்மைப் பணி செய்யும் பெண்ணுக்கு அது அரை நாள் கூலி.

டெபாசிட் காப்பீடும் இங்கே முழுமையாக உதவாது. வங்கி டெபாசிட்டுக்கு 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உள்ளது. வங்கி முடக்கப்பட்டால் 90 நாட்களுக்குள் அத்தொகையை வழங்க வேண்டும் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் தானாக வரவில்லை. 2020 ஜனவரியில் இதே பெங்களூருவில் குரு ராகவேந்திரா கூட்டுறவு வங்கியில் 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிக்கப்பட்டது. வாழ்நாள் சேமிப்பை அங்கே வைத்திருந்த முதியவர்கள் தெருவுக்கு வந்தனர். அதற்குச் சில மாதங்கள் முன்பு மும்பையில் பிஎம்சி வங்கியில் முதலில் 1,000 ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என்றனர். அந்தப் போராட்டங்களின் பின்னணியில்தான் 90 நாள் என்னும் கெடு சட்டத்தில் ஏறியது. வங்கியல்லாத நிறுவனத்தின் வாலட்டுக்கு இந்தக் காப்பீடு இல்லை. காப்பீட்டை இவற்றுக்கும் விரிவுபடுத்துவது பற்றி ஆராயலாம் என்று, ரிசர்வ் வங்கி அமைத்த பி.பி. கனுங்கோ தலைமையிலான குழு 2023இல் பரிந்துரைத்தது. பரிந்துரைக்குப் பின்னால் மக்கள் இயக்கம் இல்லையென்றால் அது காகிதமாகவே இருக்கும்.

கடலுக்கு அப்பால்

இது இந்தியாவின் நிர்வாகக் குறைபாடு மட்டுமன்று. நிதி மூலதனம் செல்லுமிடமெல்லாம் இதே காட்சிதான். ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனத்தின் கணக்கில் 190 கோடி யூரோ இல்லாமலே இருந்தது 2020இல் அம்பலமாயிற்று. இந்நிறுவனம்தான் 2015இல் சென்னையைச் சேர்ந்த ஹெர்மஸ் என்னும் பணப்பட்டுவாடா நிறுவனத்தை வாங்கியது. ஜூன் 25 அன்று அது திவால் மனு தாக்கல் செய்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, பிரிட்டனின் ஒழுங்குமுறை ஆணையம் அதன் துணை நிறுவனத்தை முடக்கியது. வாடிக்கையாளரின் பணத்தைப் பாதுகாப்பதே நோக்கம் என்றார்கள். விளைவாக, வங்கிக் கணக்குக் கிடைக்காமல் பிரீபெய்ட் கார்டை நம்பி வாழ்ந்த, அரசின் உதவித்தொகையை அதில் பெற்ற ஏழைகள் கொரோனா காலத்தில் ஒரு வார இறுதி முழுவதும் பணமின்றி நின்றார்கள். செவ்வாய்க்கிழமை தடை நீங்கியது. பணம் முழுவதும் பத்திரமாகத்தான் இருந்தது!

அமெரிக்காவில் 2024 ஏப்ரலில் சினாப்ஸ் என்னும் இடைத்தரகு நிறுவனம் திவாலானது. 1 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சுமார் 26.5 கோடி டாலர் முடங்கியது. வங்கிகளின் கணக்கும் தரகரின் கணக்கும் பொருந்தவில்லை, 6.5 கோடியிலிருந்து 9.6 கோடி டாலர் வரை குறைவதாக நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் தெரிவித்தார். வங்கி திவாலானால்தான் காப்பீடு; இங்கே திவாலானது தரகர் என்பதால் காப்பீடு கிடைக்கவில்லை.

கூலியும் அட்டையும்

இதுவரை பேசியது வாடிக்கையாளரின் பணம் பற்றி. இனி நம் வர்க்கத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன்: கூலி.

கூலியைப் பணமாகவே தர வேண்டும் என்பது தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற உரிமை. தேயிலைத் தோட்டங்களில் தோட்டத்துக்குள் மட்டுமே செல்லும் உலோக வில்லைகளைக் கூலியாகக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் முதலாளியின் கடையிலேயே பொருள் வாங்கும்படி கட்டாயப்படுத்திய முறையைப் பற்றி மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் குறிப்பிடுகிறார். அந்த முறையைத் தடுக்க 1831இல் அங்கே சட்டம் வந்தது. நம் நாட்டில் 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம், நாணயமாகவோ பணத்தாளாகவோதான் கூலி தர வேண்டும் என்றது. பின்னர் காசோலையும் வங்கிக் கணக்கும் சேர்ந்தன.

2019இல் நிறைவேற்றப்பட்டு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட கூலிகள் தொகுப்புச் சட்டம் இந்த வரிசையின் இறுதியில் ஒன்றைச் சேர்த்திருக்கிறது: வங்கிக் கணக்கில் வரவு வைப்பது, 'அல்லது மின்னணு முறை'. வங்கிக் கணக்கு ஏற்கெனவே தனியாகச் சொல்லப்பட்டுவிட்ட பிறகு இந்த மின்னணு முறை எதைக் குறிக்கிறது? வாலட்டையா? ஒப்பந்ததாரர் கையில் திணிக்கும் பிரீபெய்ட் கார்டையா? சட்டத்தை மொழிபெயர்த்துப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'அல்லது' என்னும் சொல்லுக்குப் பின்னால்தான் புதிய சுரண்டல் நுழையும். காவலாளியின் மாதச் சம்பளம் ஓர் அட்டையில் வரட்டும். அந்த அட்டை நிறுவனம் 30ஆம் தேதி முடக்கப்படட்டும். "பணம் பத்திரமாக இருக்கிறது" என்று வீட்டு உரிமையாளரிடம் அவர் சொல்ல முடியுமா?

இது கற்பனை அச்சம் அன்று. 2015 அக்டோபரில் அமெரிக்காவில் ரஷ்கார்டு என்னும் பிரீபெய்ட் கார்டின் கணினி மாற்றம் தோல்வியடைந்தது. சம்பளத்தை அதில் பெற்ற பல்லாயிரம் பேர் பல நாட்கள் பணமின்றித் தவித்தனர். 2017இல் அந்நிறுவனமும் மாஸ்டர்கார்டும் 1.3 கோடி டாலர் செலுத்த உத்தரவிடப்பட்டது. அதில் 1 கோடி பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு. பணம் திரும்பக் கிடைத்தால் மட்டும் போதாது, காத்திருந்த காலத்துக்கும் விலை உண்டு என்பதை முதலாளித்துவத்தின் தலைமை நாடே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

என்ன கேட்கப் போகிறோம்?

நம் நாட்டிலும் அதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், ஐந்து நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் பிறப்பித்த உத்தரவு இது. ஒரு பரிவர்த்தனை தோற்றால் இழப்பீடு உண்டு. ஒரு நிறுவனமே தோற்றால் ஏன் இல்லை?

எனவே நம் கோரிக்கைகள் எளியவை. அட்டையோ வாலட்டோ நிறுத்தப்பட்டால் மீதித்தொகை ஐந்து நாட்களுக்குள் கைக்கு வரவேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் தரப்பட வேண்டும். பாஸ்டேக் போல அரசு கட்டாயமாக்கிய எதிலும் மீதியை ஒரு வெளியீட்டாளரிடமிருந்து மற்றொருவருக்கு நேரடியாக மாற்றும் உரிமை வேண்டும். டெபாசிட் காப்பீடு வாலட்டுகளுக்கும் வேண்டும். கேண்டீன் அட்டை மீதிக்கு முதன்மை நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். கூலி, தொழிலாளியின் எழுத்துபூர்வமான விருப்பமின்றி வங்கிக் கணக்குக்கு வெளியே செல்லக்கூடாது.

இவை நடக்கக்கூடியவையா? சென்னை மெட்ரோ தன் பழைய பயண அட்டையை 2025 ஆகஸ்ட் 1 முதல் மறுநிரப்ப முடியாது என்று நிறுத்தியபோது, மீதி தீரும்வரை பயணம் செய்யலாம் என்றது. நிலையத்தின் முகப்பிலேயே புதிய அட்டைக்கு மாற ஏற்பாடு செய்தது. பொதுத்துறையும், நேரில் சென்று கேட்க ஒரு மனிதர் அமர்ந்திருக்கும் இடமும் இருந்தால் மூடுவதையும் மனிதத்தன்மையுடன் செய்யலாம்.

அதுவரை உடனடியாகச் செய்ய வேண்டியவை உண்டு. ஒவ்வொரு கிளையும் தன் பகுதித் தொழிலாளரிடம் கேட்டு, எந்த அட்டையில் எவ்வளவு மீதி முடங்கியிருக்கிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஒருவர் 30 ரூபாய்க்காக எழுதமாட்டார். முந்நூறு பேர் சேர்ந்து எழுதினால் அது முறையீடாக மட்டும் நின்றுவிடாது, இயக்கமாகும்.

வேன் ஓட்டும் தோழரே, உங்கள் கேள்விக்கு என் விடை இது: அந்த ஐந்து வாரங்களும் பணம் உங்களுடையது, காலம் மட்டும் அவர்களுடையதாக இருந்தது. எட்டு மணி நேர வேலைநாளுக்காகப் போராடிய வர்க்கம் நம்முடையது. காலத்தை முதலாளியிடமிருந்து மீட்பது நமக்குப் புதிய வேலை அன்று.